நூறும் தெளிநீரும்: திருவிதாங்கூர் மரவள்ளி மாவின் வரலாறு

1. முன்னுரை

நீரில் கரையாத பொருளை அடியில் படியவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரைக் கலங்காமல் சாய்த்து வடிப்பது மிகப் பழைய செயல்முறைகளுள் ஒன்று. இதற்குத் தனிக்கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு பாத்திரமும் காத்திருக்கும் பொறுமையும் போதும். அதனாலேயே தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் இதனைப் பெரிதாகக் கருதுவதில்லை. சக்கரத்துக்கும் உலைக்கும் செக்குக்கும் கிடைத்த கவனம் தெளிய வைத்து இறுத்தலுக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் திருவிதாங்கூர் மக்களுள் பெரும்பகுதியினரின் உணவு இச்செயல்முறையோடு பிணைந்திருந்தது. அவர்கள் உண்ட மரவள்ளிக் கிழங்கில் மாவும் நஞ்சும் ஒருங்கே இருந்தன. மாவு நீரில் கரையாதது. நஞ்சோ நீரில் கரைவது. இவ்வொரு வேறுபாட்டைப் பயன்படுத்தியே அக்கிழங்கு உணவாக்கப்பட்டது. பின்னர் இதே வேறுபாட்டைக் கொண்டு சேலத்தில் ஒரு பெருந்தொழில் எழுந்தது. கிழங்கு மாவைப் படியவைத்து எடுக்கும் முறையையும், அதனைச் சுட்டும் தமிழ், மலையாளச் சொற்களையும், திருவனந்தபுரத்தை நடுவாகக் கொண்ட மரவள்ளி வரலாற்றையும் இக்கட்டுரை தொடர்புபடுத்தி ஆராய்கிறது. இம்முறையில் அடியில் படிவதைப் போலவே வடிந்து செல்வதும் வரலாற்றாசிரியரின் கவனத்துக்கு உரியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. சொற்களும் செயலும்

தமிழில் இச்செயலைக் குறிக்கும் சொற்கள் பல. கலங்கிய நீர் தூய்மையாவது 'தெளிதல்'. அதுவே 'தேறுதல்' எனவும்படும். தெளிந்த கள்ளைச் சங்க நூல்கள் 'தேறல்' என்றன. இவ்விரு வினைகளும் அறிவின் நிலையைக் குறிக்கவும் வந்தன. ஐயம் நீங்குவது தெளிவு. கல்வியில் நிலைபெறுவது தேர்ச்சி. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் 'தெரிந்து தெளிதல்' என்றே பெயர். கன்னடத்திலும் 'திளி' என்னும் சொல் நீர் தெளிதலையும் அறிதலையும் குறிக்கிறது. கலங்கல் அடங்கும்வரை காத்திருப்பதை அறிவுக்கு உவமையாகக் கொள்ளும் மனப்பாங்கு திராவிட மொழிகளில் ஆழ வேரூன்றியது எனலாம்.

தெளிந்த பின் மேல்நீரைப் பிரித்தெடுப்பது 'இறுத்தல்'. சுண்ணாம்பைக் கரைத்து அசையாது வைத்து மேல்தெளிவை இறுத்துக்கொள்ளும் செய்முறை நாட்டு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. பள்ளி வேதியியல் நூல்கள் 'தெளிய வைத்து இறுத்தல்' என்று வழங்கும் தொடர் இவ்வழக்கிலிருந்து பிறந்ததே. 'வடித்தல்' சற்று வேறானது. சோற்றிலிருந்து கஞ்சியை நீக்குவதுபோல மூடியோ துணியோ துணையாக நிற்க நீரை வெளியேற்றுவதை அது குறிக்கும். அடியில் தங்குவதற்கும் தமிழில் பொருள்நோக்கிய பெயர்கள் உள்ளன. ஆற்று நீரில் தங்குவது வண்டல், எண்ணெயிலும் கள்ளிலும் தங்குவது மண்டி, வேண்டாதது கசடு.

மலையாளத்தில் இச்சொற்கள் சில பொருள் மாறி வழங்குகின்றன. தமிழில் 'ஊறுதல்' நீர் சுரப்பதையும் நனைவதையும் குறிக்க, மலையாளத்தில் அது அடியில் படிவதையும் குறிக்கிறது. படிந்த பொருள் 'ஊறல்'. தமிழில் 'ஊற்று' என்பது பொதுவாக நீரை வார்ப்பது. மலையாளத்தில் அது நீரை வடித்து நீக்குவது. கேரளப் பள்ளிகளில் இச்செயல்முறைக்கு வழங்கும் சொல் 'தெளியூற்றல்' என்பதாகும். 'மட்டு' என்பது பழந்தமிழில் தேனையும் கள்ளையும் குறித்தது. மலையாளத்தில் கள்ளின் அடியில் தங்கும் மண்டியே 'மட்டு'. ஒரே பாத்திரத்தின் மேற்பகுதியைத் தமிழும் அடிப்பகுதியை மலையாளமும் பெயராகக் கொண்டன என்று இதனைக் கூறலாம்.

கிழங்கு மாவுக்கு உரிய சொல் இவ்வகையில் மிகவும் குறிப்பிடத்தக்கது. பழந்தமிழில் 'நூறு' என்பது எண்ணை மட்டுமன்றிப் பொடியையும் மாவையும் குறித்தது. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் மலைநாட்டு விளைபொருள்களைக் கூறும்போது கூவைக் கிழங்கை அதன் நூறோடு சேர்த்தே சொல்கிறது. இன்றைய தமிழில் இப்பொருள் மறைந்துவிட்டது; 'கூகைநீறு' போன்ற தொகைச்சொற்களில் அதன் இனச்சொல் எஞ்சியுள்ளது. மலையாளத்திலோ கூவை மாவு இன்றும் 'கூவநூறு' என்றே வழங்குகிறது. சங்கப் பாடலின் மலையில் வழங்கிய சொல் கேரளத்து அடுக்களையில் உயிரோடு இருப்பது மொழியியலார் கருதத்தக்க செய்தி.

3. கூவையும் அதன் 'கட்டு'ம்

மரவள்ளி வருவதற்கு முன்பே கிழங்கை அரைத்து மாவைப் படியவைக்கும் அறிவு இம்மண்ணில் இருந்தது என்பதற்குக் கூவையே சான்று. கேரளத்தில் இன்றும் வழங்கும் செய்முறை எளியது. கிழங்கைத் தோல்நீக்கித் துருவுவர். நீரில் கரைத்துத் துணியில் பிழிவர். நாரும் சக்கையும் துணியில் தங்க, பால்போன்ற நீர் பாத்திரத்தில் இறங்கும். அதனை இரவு முழுதும் அசையாமல் வைத்தால் அடியில் வெண்மாவு கெட்டியாகப் படியும். மேல்நீரை ஊற்றிவிட்டுப் புதுநீர் சேர்த்துக் கலக்கி மீண்டும் படியவிடுவர். மேல்நீரின் நிறமும் கசப்பும் நீங்கும்வரை பல நாள் இவ்வாறு செய்து, இறுதியில் மாவை வெயிலில் உலர்த்துவர். மார்கழித் திருவாதிரை நோன்பில் கூவையைக் காய்ச்சி உண்பது கேரளப் பெண்களின் மரபு. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அது எளிதில் செரிக்கும் உணவாகக் கருதப்பட்டது.

இவ்வாறு திரும்பத் திரும்ப நீர் மாற்றுவதன் நோக்கம் மலையாளத்தில் ஒரே சொல்லில் அடங்குகிறது: 'கட்டு' களைதல். கிழங்கிலும் காயிலும் உள்ள கடுமையை, உண்டவரை மயக்கும் அல்லது வாட்டும் இயல்பைக் 'கட்டு' என்பர். மரவள்ளி வந்தபோது அதன் நஞ்சையும் மக்கள் இச்சொல்லாலேயே சுட்டினர். புதிய கிழங்குக்குப் பழைய சொல்லும் பழைய செய்முறையும் ஆயத்தமாக இருந்தன.

கிழங்கில் மட்டுமன்றித் தானியத்திலும் இம்முறை உலகின் பல பகுதிகளில் வழங்கியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உரோமானியரான கேட்டோ தம் வேளாண்மை நூலில், கோதுமையைப் பத்து நாள் ஊறவைத்துப் பிழிந்து, துணியில் வடித்து, வெயிலில் உலர்த்தி மாவெடுக்கும் முறையைக் கூறுகிறார். அம்மாவின் கிரேக்கப் பெயர் 'அமைலோன்'. அதற்கு 'எந்திரத்தில் அரைபடாதது' என்பது பொருள். கல்லில் திரிக்கும் மாவிலிருந்து நீரில் படியும் மாவைக் கிரேக்கர் பெயராலேயே வேறுபடுத்தினர். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துத் தெளிய வைப்பதும் இம்முறையே.

4. மரவள்ளியின் வருகை

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான் ஆற்றுப் படுகையின் பழங்குடியினர் அதன் நச்சுத்தன்மையை நீக்கும் முறையை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டறிந்திருந்தனர். துருவிய கிழங்கை ஓலையாலோ நாராலோ முடைந்த நீண்ட பையில் அடைத்து, அதனை இழுத்து முறுக்கிச் சாறு பிழிவர். சாற்றைப் பாத்திரத்தில் வைத்தால் அடியில் மாவு படியும். மேலுள்ள சாறு நஞ்சு. அதனையும் அவர்கள் வீணாக்காமல் நெடுநேரம் கொதிக்க வைத்து நஞ்சு நீக்கிக் குழம்பாக்கினர். துப்பி மொழியிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக உலகெங்கும் பரவிய 'தப்பியோக்கா' என்னும் பெயரே, அடியில் தங்கும் மண்டியையும் பிழிந்தெடுத்தலையும் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்தது என்று அகராதிகள் விளக்குகின்றன. ஆகவே அது செடியின் பெயரன்று; செய்முறையின் பெயர்.

போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இக்கிழங்கை மேற்குக் கடற்கரைக்குக் கொணர்ந்தனர் என்று கருதப்படுகிறது. அது பரவிய வழியைப் பெயர்கள் காட்டுகின்றன. திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதற்கு 'மரச்சீனி' என்று பெயர், மத்திய கேரளத்தில் 'கப்ப', திருச்சூர்ப் பகுதியில் 'கொள்ளி', மலபாரில் 'பூள'. தமிழகத்தில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு முதலிய பெயர்கள் வழங்குகின்றன. அம்மாவில் செய்த மணிகள் 'சவ்வரிசி' ஆயின. சாவகத்திலிருந்து வந்த அரிசி என்பது அப்பெயரின் பொருள். இப்பெயர் முதலில் பனையினத்து மரமொன்றின் சோற்றிலிருந்து கிழக்குத் தீவுகளில் செய்த மணிகளுக்கு உரியதாக இருந்து, பின் மரவள்ளி மணிகளுக்கு வந்தது.

5. விசாகம் திருநாளும் ஏழையின் உணவும்

இறக்குமதியான இக்கிழங்கு திருவிதாங்கூரின் பொது உணவானதில் விசாகம் திருநாள் இராமவர்மாவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1837இல் பிறந்த அவர் 1880 முதல் 1885 வரை ஆட்சி செய்தார்; தாவரவியலில் ஈடுபாடு மிக்கவர். வெளிநாடுகளிலிருந்து நல்ல இரகங்களை வரவழைத்து அவற்றைப் பயிரிட ஊக்குவித்தார். மக்களின் அச்சத்தைப் போக்கக் கிழங்கை அரண்மனையிலேயே சமைத்துப் பரிமாறச் செய்தார் என்னும் செய்தி திருவனந்தபுரத்தில் வழக்கிலுள்ளது. அச்சம் பொருளற்றதன்று. 'கட்டு' மிக்க கிழங்கைத் தவறாகச் சமைத்தால் மயக்கமும் வாந்தியும், சில வேளை உயிரிழப்பும் நேரும். ஆகவே கிழங்கைப் பரப்புவதென்பது சமைக்கும் முறையைப் பரப்புவதும் ஆகும்.

அம்முறையின் நடுவே நின்றது நீரை ஊற்றிக் களைதலே. திருவிதாங்கூரில் கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்ட பின்னரே தேங்காயும் உப்பும் சேர்ப்பர். மழைக்காலச் சேமிப்புக்கான 'வாட்டுகப்ப'யும் இவ்வாறே அரைவேக்காட்டில் நீர் நீக்கி வெயிலில் உலர்த்தப்பட்டது. இங்குக் கிழங்கே திண்மப் பொருளாக நிற்க, நஞ்சு நீரோடு செல்கிறது. மாவெடுக்கும் முறையில் கிழங்கு முழுதும் துருவப்பட்டு நுண்துகள்களாகி அடியில் படிகிறது. அளவில் வேறாயினும் இரண்டும் ஒரே கொள்கையின்பாற்பட்டவை.

6. படிதலின் இயல்பு

இக்கொள்கையைச் சற்று விரிவாகக் காண்பது பின்வரும் செய்திகளை விளக்க உதவும். மரவள்ளியில் லினமாரின் என்னும் சேர்மம் உள்ளது. அதனைச் சிதைக்கும் நொதி அதே கிழங்கில் வேறோர் அறையில் அடைபட்டிருக்கிறது. கிழங்கைத் துருவும்போது இரண்டும் கலந்து, முடிவில் ஐதரசன் சயனைடு வெளிப்படுகிறது. இது ஏறத்தாழ 26 பாகை செல்சியசில் ஆவியாவது. நீரிலும் நன்கு கரைவது. எனவே துருவுதல் நஞ்சை வெளிப்படுத்துகிறது, நீர் அதனை ஏற்கிறது, வடித்தல் அதனை அகற்றுகிறது. வேகவைக்கும்போது வெப்பத்தால் நொதி அழிந்துவிடுவதால், சிதையாத லினமாரின் கொதிநீரில் கரைந்து வெளியேறுவதையே நம்ப வேண்டியிருக்கிறது. துண்டுகள் சிறியனவாகவும் நீர் மிகுதியாகவும் இருக்க வேண்டும் என்னும் அடுக்களை விதியின் காரணம் இதுவே.

மாவுத்துகள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை. அதன் அடர்த்தி நீரினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மரவள்ளி மாவுத்துகளின் விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 5 முதல் 35 பங்கு வரை அமையும். நுண்துகள் நீரில் இறங்கும் விரைவு அதன் விட்டத்தின் இருபடியைப் பொறுத்தது என்று ஸ்டோக்ஸ் 1851இல் நிறுவினார். இதன்படி கணக்கிட்டால், ஆயிரத்தில் 15 பங்கு விட்டமுள்ள துகள் மணிக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் இறங்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு விட்டமுள்ள துகளோ மணிக்கு 3 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே இறங்கும். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பாத்திரத்தில் பெருந்துகள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான காலத்தில் அடியை அடைய, சிறுதுகளுக்குப் பதினொரு மணி நேரம் தேவைப்படும். 'இரவு முழுதும் வை' என்னும் பாட்டிமாரின் அளவு இக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

படிந்த மாவும் ஒரே தன்மையதன்று. முதலில் மணலும் மண்ணும் அடியைச் சேரும். அதன்மேல் தூய வெண்மாவு. இறுதியில் நார்த்தூளும் புரதமும் சேர்ந்த பழுப்புப் படலம் மேலே தங்கும். நீரை வடித்த பின் மேற்படலத்தைச் சுரண்டி நீக்குவது இதனாலேயே. காலம் குறைந்தால் நுண்மாவு நீரோடு போய்விடும். காலம் மிகுந்தால் மாவு புளித்துவிடும். எப்போது வடிப்பது என்பதை அறிவதே இத்தொழிலின் திறன்.

7. போரும் பஞ்சமும்

திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் கணிசமான பகுதியை வெளியிலிருந்து, குறிப்பாகப் பர்மாவிலிருந்து பெற்றுவந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் கைப்பட்டதும் அவ்வரவு நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. ஏழைகளின் உணவுச்சுமை முழுதும் மரச்சீனியின்மேல் விழுந்தது. 1943-44ஆம் ஆண்டுகளில் சேர்த்தலை முதலிய பகுதிகளில் பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் பலர் இறந்தனர். இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே. ஜி. சிவசாமி திருவிதாங்கூரின் உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பற்றி ஒரு நூல் எழுதி 1945இல் வெளியிட்டார்.

மரச்சீனி வயிற்றை நிரப்பியது, உடலை வளர்க்கவில்லை. கிழங்கில் புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கே உள்ளது. மாவாகப் பிரித்தெடுத்தால் அதுவும் நீரோடு போய்விடும். கப்பையோடு மீனை உண்ணும் கேரள வழக்கம் சுவைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. மீன் புரதத்தைத் தந்தது; எஞ்சிய சயனைடை உடல் தீங்கற்றதாக மாற்றுவதற்கு வேண்டிய கந்தகச் சத்தும் அப்புரதத்திலேயே இருந்தது. மீனுக்கு வழியற்றோர் கிழங்கை மட்டும் உண்டபோது இப்பாதுகாப்பு அவர்களுக்கு இல்லாமற்போயிற்று.

பஞ்சம் செய்முறையையும் பாதிக்கும். 1981இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், திடீரென்று கால்கள் செயலிழந்து முடங்கினர். வறட்சியில் பிற பயிர்கள் அழியக் கசப்பு மரவள்ளி மட்டும் எஞ்சியது. பசியின் அவசரத்தில் மக்கள் அதனைப் பதப்படுத்தும் நாள்களைக் குறைத்துக்கொண்டனர் என்பது ஆய்வில் தெரியவந்தது. திருவிதாங்கூரில் உணவுக்காகப் பயிரிட்ட இரகங்கள் பெரும்பாலும் நச்சுத்தன்மை குறைந்தவை. எனினும் கேரளத்து ஏழைகளிடையே காணப்பட்ட கணையக்கல் நோயையும் அதனால் வரும் நீரிழிவையும் ஆராய்ந்த மருத்துவர்கள் 1960களிலும் 1970களிலும் மரச்சீனியின்மேல் ஐயம் கொண்டனர். மரபுக்கூறுகள் உள்ளிட்ட பல காரணங்கள் அந்நோய்க்கு உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியமையால், கிழங்கே காரணம் என்னும் கருத்து வலுவிழந்தது.

8. சேலத்துத் தொட்டிகள்

இதே போர்க்காலத்தில் மரவள்ளி மாவு தமிழகத்தில் தொழிலாக உருவெடுத்தது. மலேயாவும் சிங்கப்பூரும் சப்பானியர் வசமானதால் சவ்வரிசி வரத்து நின்றிருந்தது. மீன் வாணிகத்துக்காகக் கேரளத்துக்குச் சென்றுவந்த சேலம் மாணிக்கஞ் செட்டியாரும், பினாங்கில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து 1943இல் சேலத்தில் மாவும் சவ்வரிசியும் செய்யத் தொடங்கினர் என்று அவ்வட்டாரத் தொழில் வரலாறு கூறுகிறது. கேரளத்தின் கிழங்கும் பினாங்கின் செய்முறையும் சேலத்தின் வெயிலும் இவ்வாறு ஒன்று சேர்ந்தன. மறு ஆண்டே ஒரு முரண்பாடு எழுந்தது. பஞ்சத்தில் மக்கள் உண்ணும் கிழங்கை ஆலைக்கு அனுப்புவது தகாது என்று மாவட்ட ஆட்சியர் மாவு செய்வதற்குத் தடை விதித்தார். உற்பத்தியாளர் முறையிட்டு அதனை நீக்கிக்கொண்டனர். ஒரே கிழங்கு ஏழையின் சோறாகவும் ஆலையின் மூலப்பொருளாகவும் இருந்ததன் விளைவு இது.

ஆலையின் செய்முறை அடுக்களைச் செய்முறையின் விரிவே. பெண்கள் கத்தியால் தோல் சீவித் தருவர். கழுவிய கிழங்கைப் பல்லுள்ள உருளை துருவும். சல்லடையில் நார் தங்கப் பால் தொட்டிகளில் நிரம்பும். பல மணி நேரம் அசைவற்று விட்ட பின் மேல்நீர் திறந்துவிடப்படும். அடியில் பாறைபோல் இறுகிய மாவை வெட்டியெடுத்து, சாக்குத்துணித் தொட்டிலில் குலுக்கி மணிகளாக்கி, சூடான தட்டில் வறுத்து, சிமெண்டுக் களத்தில் உலர்த்துவர். துணி மேல் தங்கிய நார் 'திப்பி' எனப்பட்டது. அது மாட்டுத் தீவனமாயிற்று. பசுங்கிழங்கில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு மாவு உள்ளது. அதில் எவ்வளவு தொட்டியின் அடியில் தங்குகிறது என்பதைப் பொறுத்தே ஆலையின் ஆதாயம் அமையும்.

1981இல் சவ்வரிசி, மாவு உற்பத்தியாளருக்கெனச் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் ஏற்பட்டது. 2023இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தொழிலின் வளர்ச்சியை இவை காட்டுகின்றன. ஆனால் தொட்டியிலிருந்து திறந்துவிட்ட மேல்நீரின் வரலாறு வேறு. அதில் கரைந்த சர்க்கரைப் பொருள்களும் புரதமும் படியாத நுண்மாவும் சயனைடும் இருந்தன. வீட்டில் ஒரு பானை நீரை வாழையடியில் ஊற்றினால் மண் அதனை ஏற்றுக்கொள்ளும். நாள்தோறும் பல தொட்டிகளின் நீரை ஓடையிலும் ஏரியிலும் விட்டால் நீர்நிலை தாங்காது. புளித்த நீரின் நாற்றமும் கிணற்று நீரின் கேடும் சேலம், நாமக்கல் வட்டாரச் சிற்றூர்களில் பல்லாண்டு முறையீடுகளாயின. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் பல ஆலைகள் அந்நீரைக் காற்றுப்புகாத கலங்களில் நொதிக்கவிட்டு எரிவளி எடுக்கத் தொடங்கின. அவ்வெரிவளி ஆலைக்கே விறகின் இடத்தை நிரப்பியது. நஞ்சென்று ஒதுக்கிய சாற்றைக் குழம்பாக்கிய அமேசான் பழங்குடியினரின் சிக்கனத்தை ஆலைகள் இவ்வாறு காலந்தாழ்த்திக் கற்றன எனலாம்.

9. ஸ்ரீகாரியத்தின் பங்கு

மரவள்ளி ஆய்வின் நடு மீண்டும் திருவனந்தபுரத்தில் அமைந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1963இல் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தை நகரின் வடபுறத்து ஸ்ரீகாரியத்தில் நிறுவியது. 1971இல் அந்நிலையம் வெளியிட்ட எச்-165, எச்-226 ஆகிய இரகங்கள் சேலத்து ஆலைகளுக்காகப் பெருமளவில் பயிரிடப்பட்டன. 1977இல் வெளிவந்த ஓர் இரகம் 'ஸ்ரீ விசாகம்' என்னும் பெயர் தாங்கி, ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் அக்கிழங்கைப் பரப்பிய மன்னரை நினைவூட்டுகிறது.

1980களில் இந்நிலையத்தார் மேற்கொண்ட ஆய்வுகள் வீட்டுச் செய்முறைகளில் எவை எவ்வளவு நஞ்சு நீக்குகின்றன என்று அளந்தன. சிறு துண்டுகளை மிகுந்த நீரில் வேகவைத்து வடிப்பதே சமையல் முறைகளுள் சிறந்தது என்பதும், நசுக்கித் துருவும் முறைகளில் நொதி முழுமையாகச் செயற்படுவதால் நஞ்சு மிகுதியாக நீங்குகிறது என்பதும், ஆவியில் அவிப்பதும் சுடுவதும் பொரிப்பதும் அவ்வளவு பயன்தருவன அல்ல என்பதும் தெளிவாயின. அடுக்களையில் வாய்மொழியாக வழங்கிய விதிக்கு அளவையின் சான்று கிடைத்தது. சிறு உழவர் தம் நிலத்தருகிலேயே மாவெடுக்கத்தக்க, இடம்பெயர்த்துக்கொள்ளும் எந்திர அமைப்பையும் அந்நிலையம் உருவாக்கியது.

இதற்கிடையே கேரளத்தில் மரச்சீனியின் இடம் மாறிவிட்டது. 1970களின் நடுப்பகுதியில் 3 லட்சம் எக்டேருக்கும் மேல் பயிரான கிழங்கு, இன்று அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைந்த பரப்பில்தான் பயிராகிறது. நியாயவிலைக் கடை அரிசியும் இரப்பரும் அதன் இடத்தைக் கொண்டன. பஞ்சகாலத்து உணவு இன்று உணவுவிடுதிகளில் மீன் குழம்போடு விரும்பி உண்ணும் பண்டமாயிற்று.

10. முடிவுரை

கூவநூறு முதல் சவ்வரிசி வரை நோக்கும்போது செயல்முறையில் அடிப்படை மாற்றம் ஏதும் இல்லை. கிழங்கு மாறியது, பாத்திரம் தொட்டியாயிற்று, கை எந்திரமாயிற்று. நீரில் கரையாதது படிவதும் கரைந்தது வடிவதும் அவ்வாறே உள்ளன. மாறியது அளவு. அடுக்களைப் பெண்கள் மாவு, மேல்நீர் இரண்டையும் அறிந்திருந்தனர். எதனைக் காக்க வேண்டும், எதனை எங்கே ஊற்ற வேண்டும், எத்தனை முறை ஊற்ற வேண்டும் என்பது ஒரே அறிவாக அவர்களிடம் இருந்தது. 'கட்டு களைதல்' என்னும் தொடர் அவ்வறிவின் சுருக்கம். ஆலைக்குச் சென்றபோது மாவைப் பற்றிய அறிவு மட்டும் முதலில் சென்றது. நீரைப் பற்றிய அறிவு பல்லாண்டு கழித்தே, அண்டை ஊர்களின் முறையீட்டுக்குப் பின்னரே சென்று சேர்ந்தது.

தமிழின் 'இறுத்தல்' தெளிந்ததைக் கொள்வதைக் குறிக்கிறது. மலையாளத்தின் 'ஊற்றல்' வேண்டாததைக் களைவதைக் குறிக்கிறது. இரு மொழிகளும் சேர்ந்தே இச்செயலின் முழுமையைக் கூறுகின்றன. கிழங்கு மாவின் வரலாற்றையும் அவ்வாறே படிந்தது, வடிந்தது ஆகிய இரண்டையும் கொண்டு எழுத வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவு.